ஆட்டமில்லாத ஸ்க்ரூ ஸ்பேனர்

ஆணி வாங்க வருகிறவர் நின்றபடியே வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஸ்க்ரூ ஸ்பேனர் வாங்க வருகிறவருக்கு ஸ்டூல் எடுத்துப் போட வேண்டும். இரும்புக் கடை நடத்தியிருக்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நீங்களும் ஏதாவது ஒரு கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து இடுப்பு வலித்தவராக இருந்தால், கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள். உங்களுக்கு நடந்ததுதான் எனக்கும் நடந்திருக்கும்.

காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்கள் கடை. அறுபதுகளின் பின்பாதி. மோட்டார், இன்ஜின், பஸ் எல்லாவற்றிலும் அங்குல நட்டு போய் மில்லிமீட்டர் நட்டு வந்துகொண்டிருந்த சமயம். வீட்டில் கிடக்கும் பழைய ஸ்பேனர் புது நட்டுக்குச் சேராது. புது ஸ்பேனர் பழைய நட்டுக்குச் சேராது. அதனால், திருகைச் சுழற்றி வாயை அகட்டவும் குறுக்கவும் முடிகிற ஸ்க்ரூ ஸ்பேனருக்கு ஏக கிராக்கி.

அந்தச் சமயம் பார்த்து என் வீட்டுக்காரர், மேல் தட்டில் இருந்த கம்பிச் சுருளை எடுக்க ஏணியில் ஏறினார். ஏறினது அவர் மட்டும்தான். இறங்கும்போது ஏணியும் கூடவே இறங்கியது. காலில் மாவுக்கட்டு. கடையில் வேலைக்கு இருந்த கருப்பையாவுக்கு எந்தச் சாமான் எந்த மூலையில் இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். ஆனால் இதில் எது நல்லது என்று கேட்டால், “எல்லாம் ஒண்ணுதான்” என்பார். அதைத் தவிர வேறு பதில் அவரிடமிருந்து வந்ததே இல்லை. கால் சரியாகும் வரைக்கும் கல்லாவில் உட்காரலாம் என்று நான் போனேன். இரும்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அரிவாள்மனை ஒன்றுதான்.

ஆள் இல்லையா?

போன முதல் நாளே கல்லல் பக்கத்திலிருந்து விவசாயம் பார்க்கிற சம்சாரி ஒருவர் வந்தார். தோளில் துண்டு, கையில் துருப்பிடித்த ஒரு நட்டு. என்னைப் பார்த்தார். என்னைத் தாண்டி உள்ளே பார்த்தார்.

“கடையில ஆள் இல்லையா?”

“நான் இருக்கேனேண்ணே. என்ன வேணும்?”

“அது சரி. ஆள் இல்லையா?”

கருப்பையாவைக் கூப்பிட்டேன். சம்சாரியின் கிணற்றில் அவர் அப்பா காலத்து ஆயில் இன்ஜின் ஒன்று, இவர் புதிதாய்ப் போட்ட மோட்டார் ஒன்று. இரண்டுக்கும் சேர்கிற மாதிரி ஸ்க்ரூ ஸ்பேனர் வேண்டும். கருப்பையா இரண்டு ஸ்பேனரை எடுத்து வைத்து “எல்லாம் ஒண்ணுதான்” என்றார். சம்சாரி, முகம் பார்க்கலாம் போலப் பளபளத்த முலாம் பூசியதைத் தூக்கிக்கொண்டார். அவர் அதை ஆட்டி ஆட்டிப் பேசப் பேச, அதன் கீழ்த் தாடை விழப் போகிற பால்பல் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. “அண்ணே, அது வேணாம். சும்மா இருக்கும்போதே இப்படி ஆடுது. நட்டைப் புடிச்சா வழுக்கிரும், நட்டுத் தலை தேஞ்சிரும், கையும் போயி இன்ஜின்ல இடிக்கும்” என்றேன். பக்கத்தில் இருந்த கறுத்த ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன். பார்க்க ஒன்றுமில்லை, ஆனால் தாடை அசையவில்லை.

அவர் கையில் இருந்த நட்டை அதில் கவ்வ வைத்துத் திருகிப் பார்த்தார். பிறகு கருப்பையாவிடம் இருந்த மில்லிமீட்டர் நட்டை வாங்கிக் கவ்வ வைத்தார். அதற்கப்புறம்தான் முதல்தடவையாக என் பக்கம் திரும்பிப் பேசினார். “மாமியாவுக்கும் மருமகளுக்கும் நடுவுல நிக்கிற மகன்கூட இப்படி ரெண்டு பக்கமும் வளைஞ்சு குடுக்கமாட்டான், தாயி.”

வெண்டைக்காய்

அன்றைக்கே ஒரு கூடையில் நாலைந்து ஸ்பேனரைப் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்து, அடுப்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வாயை முழுக்க மூடி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால், சிலதில் இரண்டு தாடைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. ஒரு பக்கம் ஒட்டியும் மறுபக்கம் விலகியும். திருகைக் கட்டைவிரலால் உருட்டினால் சிலது வெண்ணெயாய் ஓடியது, சிலது மணலை மென்றது. கடைக்கு எதிரே இருந்த லேத் பட்டறைக்காரர் இன்னொன்று சொல்லிக் கொடுத்தார்: பிடியின் ஓட்டையில் நூல் கோத்துத் தொங்கவிட்டு ஒரு ஆணியால் தட்டிப் பார்க்க வேண்டும். காய்ச்சி அடித்த இரும்பு கணீரென்று நிற்கும். வார்ப்பில் ஊற்றினது ‘டொக்’ என்று செத்துப்போகும்.

அடுத்த வாரம் மதுரையிலிருந்து கம்பெனிப் பிரதிநிதி ஒருவர் பெட்டியோடு வந்தார். படிய வாரின தலை, அயர்ன் கலையாத சட்டை. என் வீட்டுக்காரர் விழுவதற்கு முன்னாலேயே ஆர்டர் கொடுத்திருந்த சரக்கு. “இறக்கி வச்சுக்கங்கம்மா, கையெழுத்துப் போதும்” என்றார். நான் கையெழுத்துப் போடவில்லை. பெட்டியைப் பிரித்து, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, உருட்டி, காதுக்குப் பக்கத்தில் குலுக்கி, தொங்கவிட்டுத் தட்டி, இந்தப் பக்கம் ஒரு குவியல் அந்தப் பக்கம் ஒரு குவியலாக வைத்துக்கொண்டே வந்தேன். அந்தப் பக்கத்துக் குவியல்தான் வளர்ந்தது. கருப்பையா சத்தமில்லாமல் கடைக்குப் பின்னால் போய்விட்டார். பிரதிநிதி கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “இதையெல்லாம் திருப்பி எடுத்துட்டுப் போங்கண்ணே” என்று நான் சொன்னபோது, பாவம், அவர் குரல் உடைந்தேவிட்டது. “அம்மா, இது இரும்பும்மா, வெண்டைக்காய் இல்ல! நுனியை ஒடிச்சுப் பாக்கல, அது ஒண்ணுதான் பாக்கி!”

எழுதியிருக்கா?

சைக்கிள் கடைக்காரர் ஒருவர், வாங்கின மறு வாரமே ஸ்பேனரைத் திருப்பிக் கொண்டுவந்தார். தாடை சப்பையாகி, திருகு நசுங்கி, அடையாளமே தெரியவில்லை. நட்டு கழற்றி இப்படி ஆக வாய்ப்பே இல்லை. நயமாக விசாரித்ததில், வளைந்த முன்சக்கரத்து ஃபோர்க்கை அதை வைத்துத்தான் அடித்து நிமிர்த்தினாராம். “ஸ்பேனரை வச்சு அடிக்கலாமாண்ணே?” என்றேன். அவர் ஸ்பேனரைப் புரட்டிப் புரட்டிக் காட்டிக் கேட்டார்: “அடிக்கக் கூடாதுன்னு இதுல எங்குட்டாச்சும் எழுதியிருக்கா?”

ராவுத்தரின் பட்டறை

சரக்கைத் திருப்பி அனுப்பிய செய்தி கருப்பையா மூலமாக வீட்டுக்குப் போய்விட்டது. மாவுக்கட்டுக் காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். “வந்தவுகளை விரட்டிட்டியே! நாளைக்கு அவுக நமக்கு ஒரு வாஷர்கூட அனுப்பமாட்டாக” என்றார். அதற்குப் பிறகு சில நாள் என்னிடம் பேச்சே இல்லை. சோறு வேண்டுமென்றால் தட்டைத் தட்டுவார். அவர் சொன்ன மாதிரியே மதுரையிலிருந்து சரக்கு வருவதும் நின்றுபோனது. கடையின் தட்டுகளில் அங்கங்கே வெற்றிடம். வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். நல்லாப் போய்க்கொண்டிருந்த கடையை நான் வந்து கவிழ்த்துவிட்டேனோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் பஸ் முதலாளி ராவுத்தர் வந்தார். தன் பஸ்களுக்கென்று தேவகோட்டை ரோட்டில் சொந்தப் பட்டறை போடுகிறார். மெக்கானிக் ஒவ்வொருவருக்கும் ஒரு முழு செட் சாமான் வேண்டும், சின்னதிலிருந்து பெரியது வரை ஸ்க்ரூ ஸ்பேனர் உள்பட. கூடவே அவருடைய ஃபோர்மேன் அந்தோணி. அந்தோணி, நான் எடுத்து வைத்ததில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்ற பஸ்ஸுக்கு அடியில் போய், துரு ஏறிக் கெட்டிப்பட்டுக் கிடந்த ஒரு நட்டில் கவ்வ வைத்தார். நட்டு அசையவில்லை. ஸ்பேனரின் பிடிமேல் நீளமான பைப் ஒன்றைச் செருகி, இரண்டு காலையும் ஊன்றி இழுத்தார். ‘டப்’ என்று ஒரு சத்தம். தாடை ஒடிந்து தெறித்து எங்கள் படிக்கட்டில் வந்து விழுந்தது.

பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள். வேண்டாம் என்று திருப்பி அனுப்பினவை போய்ச் சேர்ந்துவிட்டன. நல்லது என்று நான் வைத்துக்கொண்டது இதோ ஒடிந்து கிடக்கிறது. வீட்டில் போய் என்ன சொல்வேன்? அந்தோணி கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். குனிந்து அந்தத் துண்டை எடுத்தார். ஒடிந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார், வெயிலில் காட்டினார். “உள்ள ஓட்டை இல்ல, புரை இல்ல. ஒரே சீரா இருக்கு. சரக்கு சுத்தம்” என்றார். ஒடியும் வரைக்கும் இழுத்ததே உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தானாம்! நிஜமாகவே அதற்குத்தானா, இல்லை ஒடிந்த பிறகு தோன்றியதா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. அடுத்ததையும் எடுக்க அவர் கையை நீட்டியபோது ராவுத்தர் பாய்ந்து தடுத்தார். “யா அல்லா! ஒண்ணை ஒடிச்சு நல்லதுன்னு கண்டுபிடிச்சாச்சு அந்தோணி, மிச்சத்தையாவது முழுசா விடு!”

அடிபம்பு

ராவுத்தர் பட்டறை ஆர்டர் முழுக்க எங்களுக்கே கிடைத்தது. அதோடு, பொம்பளை ஒருத்தி இரும்புக் கடையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று ஊருக்குள் பரவியதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பெண்கள் வர ஆரம்பித்தார்கள். மெஹருன்னிசா அப்படித்தான் வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கடையில் இருந்த ஆண்கள் போகும்வரை எதிர்ப்பக்கம் நின்றிருந்தாள். புருஷன் சிங்கப்பூரில். வீட்டில் அடிபம்பு நின்றுபோய், ரிப்பேர்க்காரர் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடிக்க, இவள் தெருக்கோடியிலிருந்து குடம் குடமாகத் தூக்கிக்கொண்டிருக்கிறாள். மாசமாக வேறு இருந்தாள். “அந்த ஆளு என்ன பண்றாருன்னு போன தடவை பக்கத்துல நின்னு பாத்துட்டேன் மதினி. மூணு போல்ட்டுதான். எனக்கு ஸ்பேனர்தான் வேணும்” என்றாள்.

பெரியதைக் கொடுத்தால் அவள் மணிக்கட்டு தாங்காது. ரொம்பச் சின்னதைக் கொடுத்தால் போல்ட் மசியாது. ஒவ்வொன்றாக அவள் கையில் கொடுத்து, பிடித்துத் திருகிப் பார்க்கச் சொன்னேன். கடைசியில் நடுவாந்தரமாக ஒன்று அவள் உள்ளங்கையில் உட்கார்ந்தது. அசையாத தாடைப் பக்கம் பாரம் வருகிற மாதிரி மாட்டி இழுக்க வேண்டும், திருப்பி மாட்டினால் வாய் விரிந்துவிடும் என்று, கடை ஷட்டர் போல்ட்டிலேயே மாட்டிக் காட்டினேன். கொஞ்ச நாள் கழித்துத் திரும்பி வந்தாள். அவள் வீட்டுப் பம்பு மட்டுமல்ல, இரண்டு பக்கத்து வீட்டுப் பம்புகளும் இப்போது அவள் பொறுப்பில். முகமெல்லாம் சிரிப்பு. “மச்சானுக்கு எழுதிப் போட்டுட்டேன் மதினி. வரும்போது செண்டு பாட்டிலெல்லாம் வேணாம், இதே மாதிரி பெருசா ஒண்ணு வாங்கிட்டு வாங்கன்னு!”

பேர் விழவில்லை

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி காரில் வந்து இறங்கினார். மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ரேடியோ, மோட்டார், கடிகாரம் எதைக் கண்டாலும் கழற்றி மாட்டுகிற பைத்தியமாம். வெள்ளிச் சாமான், பித்தளைச் சாமான், எவர்சில்வர் எல்லாவற்றோடும் ரிப்பேர்ச் சாமான் நிறைந்த பெட்டி ஒன்றையும் சீர்வரிசையில் பரப்பி வைப்பதென்று ஆச்சி முடிவு செய்துவிட்டார். “அடுக்குப் பாத்திரம் மாதிரி சின்னதுலேருந்து பெருசு வரைக்கும் வரிசையா வேணும். ஒத்தைப்படையா வரணும். ஒண்ணொண்ணுலயும் பேர் வெட்டணும்” என்றார்.

பாத்திரக் கடையிலிருந்து பேர் வெட்டுகிறவரை வரவழைத்தோம். அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, நான் பொறுக்கி வைத்திருந்த ஸ்பேனர் ஒன்றில் உளியை வைத்துத் தட்டினார். உளி வழுக்கியது. இன்னும் ஓங்கித் தட்டினார். உளி முனை மழுங்கியதே தவிர, ஸ்பேனரில் ஒரு கீறல்தான். அவர் உளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த பழைய பளபளா ஸ்பேனரில் வைத்துத் தட்டினார். சரசரவென்று முதல் எழுத்து விழுந்துவிட்டது. “ஆங், இதுல விழுகுதுல்ல. இதையே குடுங்க” என்றார் ஆச்சி. “ஆச்சி, பேர் விழுகிற இரும்பு நட்டுல மாட்டினா தேஞ்சிரும். விழாத இரும்புதான் நல்ல இரும்பு” என்றேன். “தேஞ்சா தேயட்டும். பரப்புற அன்னிக்கு ஊரே வந்து பேரைத்தானே வாசிக்கும்? பேர் இல்லாட்டா எரவல் வாங்கி வச்சிருக்காகன்னுல்ல சொல்லுவாக!” ஆச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே மகள். மாப்பிள்ளை வீட்டில் சொல்லிக் காட்டுகிற ஆட்கள் இருந்தார்கள் போலிருக்கிறது.

பெட்டிமேல் தகடு அடித்துப் பேர் வெட்டலாம் என்றார் பேர் வெட்டுகிறவர். பெட்டியைத் திறந்து வைத்தால் தகடு பின்பக்கம் போய்விடும் என்றார் ஆச்சி. மரப்பிடி உள்ள சாமானில் பேர் வெட்டலாம் என்றார் கருப்பையா. தொங்கவிட்டுத் தட்டிப் பார்க்க நான் கட்டியிருந்த நூல் ஒரு ஸ்பேனரின் பிடியில் அப்படியே கிடந்தது. அந்த ஓட்டையில், பேர் வெட்டின பித்தளை இலை ஒன்றை வளையம் போட்டுக் கோத்தால் என்ன என்று கேட்டேன். “நகை மாதிரி இருக்கணும்” என்றார் ஆச்சி. இருந்தது. கல்யாணத்துக்கு நானும், கம்பு ஊன்றிக்கொண்டு என் வீட்டுக்காரரும் போனோம். வெள்ளிக் குடத்துக்கும் குத்துவிளக்குக்கும் நடுவே, கழுத்தில் பித்தளை இலையோடு ஸ்பேனர்கள் வரிசையாகப் படுத்திருந்தன. சம்பந்தி வீட்டுப் பெண்கள் குனிந்து குனிந்து ஒவ்வொரு பேராக வாசித்தார்கள்.

அடுத்த மாதம் மாப்பிள்ளையே கடைக்கு வந்தார். ஆயில் டப்பா வாங்க. கையில் அந்த இலை போட்ட ஸ்பேனர்களில் ஒன்று, நன்றாகக் கிரீஸ் பிடித்து. “நல்லா இருக்கா?” என்று கேட்டேன். “எனக்குன்னு பரப்பி வச்சதுல நான் தொட்டுப் புழங்குறது இது ஒண்ணுதாங்க. மத்ததையெல்லாம் அன்னிக்கே ரூமுக்குள்ள வச்சு ரெட்டைப் பூட்டுப் போட்டுட்டாக.”

கல்லாவில் யார்?

கால் சரியாகி என் வீட்டுக்காரர் கடைக்குத் திரும்பினார். நான் சந்தோஷமாக அடுப்படிக்குத் திரும்பினேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். அவர் பேச்சுக்காரர், கோடரி வாங்க வந்தவருக்குக் கோடரியோடு வெட்டுகிற மரத்தையும் விற்றுவிடுவார். ஆனால் வருகிறவர்கள் அவரைப் பார்த்துவிட்டு, அவரைத் தாண்டி உள்ளே பார்த்து, “அந்த அக்கா இல்லையா?” என்று கேட்டார்கள். ராவுத்தர் கேட்டார். பேர் வெட்டுகிறவர்கூடக் கேட்டார். முதல் இரண்டு நாள் அதைச் சிரித்துக்கொண்டே வீட்டில் சொன்னார். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். எனக்குக் கஷ்டமாக இருந்தது. கடைப்பக்கமே தலை காட்டாமல் இருந்தேன். அந்தத் தெரு வழியாகக் கோயிலுக்குப் போவதைக்கூட விட்டேன்.

ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். கையில் துணிப்பை. அடுப்புக்குப் பக்கத்தில் என் எதிரே உட்கார்ந்து, பையிலிருந்து ஒவ்வொரு ஸ்பேனராக எடுத்துத் தரையில் வைத்தார். மதுரைக்காரர்கள் சமாதானமாகி அனுப்பியிருந்த புதுச் சரக்கு. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று வைத்தேன். குழம்பு கொதித்து வழிந்தது; அவரே எழுந்து இறக்கி வைத்தார். வேண்டாமென்று அந்தப் பக்கத்தில் வைத்ததை எல்லாம் திருப்பி அனுப்பப் பைக்குள் போட்டுக்கொண்டு, “நாளையிலேருந்து ரெண்டு பேருமே போவோம்” என்றார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து நின்றார்.

“நீ வேணாம்னு சொல்றதை நான் விக்கமாட்டேன். ஆனா அந்த வேணாமை மட்டும் கொஞ்சம் மெதுவாச் சொல்லு. தெருவுல போறவுககூட பயந்து அங்குட்டு ஒதுங்கிப் போறாக.”

இத்தனை வருஷத்தில் இந்தத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது என்னவென்றால், நல்ல ஸ்க்ரூ ஸ்பேனராகப் பொறுக்கிக் கொடுத்து அனுப்பிய ஒவ்வொரு வாடிக்கையாளரும் வாயார வாழ்த்திவிட்டுப் போவார், இன்னொன்று வாங்க மட்டும் திரும்பி வரவே மாட்டார்.